முயலின் எலும்பு தெரிந்தவர்

மார்ச் 4

பியாட்ரிக்ஸ் பாட்டரின் வாழ்க்கையை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன். குழந்தைகளுக்காக எழுதி வரைகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் முதல் புத்தகத்துக்குத்தான் தாவுகிறார்கள். பீட்டர் என்ற முயலின் கதையை ஒரு பதிப்பகம் வெளியிட்டபோது இவருக்கு வயது 36. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

1866ல் லண்டனின் தெற்கு கென்சிங்டனில் பிறந்தவர், வசதியான குடும்பம். பள்ளிக்கு அனுப்பவில்லை, ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். தம்பி பெர்ட்ரம் விடுதிப் பள்ளிக்குப் போன பிறகு கூட இருந்தவை முயல், எலி, வௌவால், முள்ளெலி, தவளை.

மார்ச் 5

கோடை முழுக்க ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பக்கம். அங்கே எட்டு வயதில் கம்பளிப்பூச்சிகளை வரைந்து, பக்கத்திலேயே குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார். செத்துப்போன பிராணிகளை அக்காவும் தம்பியும் கொதிக்க வைத்து, சதையை நீக்கி, எலும்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்! கேட்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் அந்த முயல் படங்களை உற்றுப் பார்த்தால் இது எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரியும். நீலச் சட்டை போட்டு நிற்கும்போதும் அது முயல்தான், தோளும் தொடையும் முயலுக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஓடும்போது காலணி இரண்டும் தொலைந்ததும் நாலு காலில் பாய்கிறது பாருங்கள், எலும்பு தெரிந்தவர்தான் அதை அப்படி வரைய முடியும். சட்டை போட்ட மிருகங்களை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தலை மட்டும்தான் மிருகம், கழுத்துக்குக் கீழே மனிதன்.

மார்ச் 9

இன்று முழுக்கக் காளான்.

இந்தப் பகுதியைப் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் நடு மையம் என்று தோன்றுகிறது. இருபதுகளின் கடைசியில் தொடங்கி நூற்றுக்கணக்கான காளான்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். சார்லஸ் மெக்கின்டோஷ் என்ற பெர்த்ஷயர் தபால்காரர், இயற்கையை நன்றாக அறிந்தவர், மாதிரிகளை அனுப்பிவைத்தார், எப்படி வரைந்தால் அடையாளம் காண உதவும் என்றும் சொன்னார். அப்புறம் நுண்ணோக்கி. வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று தானே முளைக்க வைத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரலில் அது லண்டனில் இயற்கை அறிவியலாளர்கள் கூடும் லின்னேயன் சங்கத்தில் அளிக்கப்பட்டது, ஆனால் பெண்களுக்கு அந்தக் கூட்டங்களில் அனுமதி இல்லை, ஜார்ஜ் மாஸி என்ற, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து அறிஞர் வழியாகத்தான் அது போக வேண்டியிருந்தது. பிறகு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அதன் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. நூறு வருடம் கழித்து 1997ல் சங்கம் வருத்தம் தெரிவித்தது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

படங்கள் மட்டும் வீணாகவில்லை. 1967ல் வந்த ஒரு காளான் கையேட்டில் இவருடைய ஓவியங்களைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவு துல்லியம்.

மார்ச் 14

கதை பிறந்தது ஒரு கடிதத்தில். இவருக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஆனி மூரின் மகன் நோயல், ஐந்து வயது, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். 1893 செப்டம்பர் 4 அன்று அவனுக்கு எழுத உட்கார்ந்தவர், என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நாலு முயல்குட்டிகளின் கதை சொல்கிறேன் என்று தொடங்கி, வரிகளுக்கு நடுவே பேனாவால் குட்டிக் குட்டிப் படங்கள் போட்டு அனுப்பினார். பொதுவாகக் குழந்தைகள் என்று யாரையும் நினைத்து எழுதவில்லை, நோயலுக்கு எழுதினார். அந்தக் கதையில் அறிவுரை துருத்தாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் பையனிடம் யார் உபதேசம் செய்வார்கள்?

பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். 1900 வாக்கில் அதைத் திரும்ப வாங்கித்தான் புத்தகமாக விரித்தார்.

மார்ச் 15

பல பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. குழந்தையின் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகமாக, மலிவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. சரி என்று சொந்தச் செலவில் 1901 டிசம்பரில் 250 பிரதி அச்சிட்டார். முகப்புப் படம் தவிர உள்ளே படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் வரைந்து தந்தால் போடுகிறோம் என்று ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் சொல்ல, 1902 அக்டோபரில் வந்தது. விலை ஒரு ஷில்லிங். அளவில் அவர் பிடிவாதம் பிடித்ததை நான் மிகவும் மதிக்கிறேன், ஒரு பக்கம் படம், எதிர்ப் பக்கம் நாலைந்து வரி, பக்கத்தைப் புரட்டும் கை குழந்தையுடையது.

மார்ச் 21

1905 ஜூலையில் பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னுடன் நிச்சயம், ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார். அதே வருடம் வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அந்த வீட்டின் மாடிப்படியும் தோட்டமும் பிறகு வந்த கதைகளில் அப்படியே இருக்கின்றன.

1913ல் வில்லியம் ஹீலிஸைத் திருமணம் செய்துகொண்ட பிறகு புத்தகங்கள் குறைந்தன, அந்தப் பகுதியின் மலை ஆட்டினமான ஹெர்ட்விக் செம்மறிகள் வந்தன. இதைச் சரிவு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கம்பளிப்பூச்சியைப் பார்த்த அதே கண்தான் ஆட்டையும் பார்த்தது. 1943ல் அந்த ஆடு வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, பொறுப்பேற்கும் முன்பே டிசம்பரில் காலமானார். 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார், மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தைதான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.