சாலிடர் டிவியில் ராகேஷ் சர்மா

1984 ஏப்ரல். ராயபுரத்துல எங்க குடித்தனம் மொத்தத்துக்கும் பெரியப்பா வீட்டு கறுப்பு வெள்ளை சாலிடர் டிவிதான். ஷட்டரை ரெண்டு பக்கமும் தள்ளித் திறக்கணும்.

சோவியத் விண்கலம் சோயுஸ் டி-11ல போன முதல் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா, சல்யூட் 7 விண்வெளி நிலையத்துல இருந்து இந்திரா காந்தி கிட்ட பேசினதை அதுலதான் பார்த்தோம். பேச்சு இந்தியில. மேல இருந்து பார்த்தா நம்ம நாடு எப்படி இருக்குன்னு கேக்குறாங்கன்னு அண்ணன் சொன்னதும் ஆயாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அந்தப் புள்ள அங்க என்னடா சாப்பிடும்?"னு கேட்டாங்க.

மைசூர் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்ச ரவை அல்வா அவர்கூட விண்வெளிக்குப் போச்சுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் படிச்சேன். ஆயா கிட்ட சொல்லியிருந்தா அவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க. அவர் பூமிக்குத் திரும்புற வரைக்கும், கிட்டத்தட்ட 8 நாள், ஒரு வேளை ரேடியோ செய்தியைக்கூட அவங்க விடல.