வடக்கு லண்டனில் ஒரு ஜெப ஆலயம்

வடக்கு லண்டன் ஃபிஞ்ச்லியில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. நியூ நார்த் லண்டன் சினகாக். அகதித் தஞ்சம் கேட்டு, கையில் காசில்லாமல் நிற்பவர்களுக்காக மாதாமாதம் அங்கே கதவைத் திறந்து வைக்கிறார்கள், எந்த நாடு, எந்த மதம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. சூடான சாப்பாடு, துணிமணி, குழந்தைக்கு டயப்பர், அப்புறம் மருத்துவரையும் வக்கீலையும் பார்க்கலாம். இதை நடத்துவது தன்னார்வலர்கள்.

இது அவர்களுக்குப் புதிதல்ல. 1938 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் கடைகளை நொறுக்கி, ஆலயங்களை எரித்தபோது, பிரிட்டன் யூதர்களும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அரசிடம் மன்றாடி, போர் தொடங்குவதற்குள் நாஜிகளின் பிடியிலிருந்து சுமார் 10,000 குழந்தைகளை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோருக்கு அனுமதி இல்லை, ரயிலில் ஏற்றிவிட்டுக் கையசைத்தவர்களில் பலரைப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவே இல்லை.

அப்படி ஆறு வயதில் ப்ராகிலிருந்து வந்தவர்தான் ஆல்ஃப் டப்ஸ். 2016இல், பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு, ஐரோப்பாவில் தனியாகத் தவிக்கும் அகதிக் குழந்தைகளை அழைத்துவரச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 3,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அரசு 480 இடத்தோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தஞ்சம் கேட்டவர் முதல் 12 மாதம் வேலை பார்க்கவே முடியாது, அதற்குப் பிறகும் கட்டுப்பாடுதான். இந்த விதி போகிற வரைக்கும் அந்தச் சாப்பாட்டு வரிசை குறையாது.