அழுக்குத் தண்ணிய எங்க கொண்டி ஊத்துவே?

இது எங்கப்பா வீடியோ கால்ல கேட்டது. டெக்கப்போ ஏரிப்பக்கம் வேன நிறுத்திட்டு பொண்ணோட சாக்ஸ வாளில அலசிட்டு இருந்தேன், அப்பா பாத்துட்டு "ஏங்கண்ணு, அத்தாம்பெரிய ஏரி பக்கத்துலயே கெடக்குது, நீ எதுக்கு வாளித்தண்ணில தொவைக்கறே, தொவைச்ச தண்ணிய எங்க கொண்டி ஊத்துவே?"ன்னாரு. சிக்னல் போயிடுச்சு, பதில் சொல்ல முடியல. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சிக்கவே எனக்கு நியூசிலாந்து வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

முதல் ட்ரிப்ல நான் செஞ்சது இப்பவும் மனச உறுத்துது. ஒரு சின்ன ஊர்ல கார் பார்க்ல நிறுத்தி பாத்திரம் கழுவினேன், அந்த சோப்புத் தண்ணிய ரோட்டோரம் இருந்த கம்பி போட்ட சாக்கடைல ஊத்திட்டேன், சாக்கடைன்னா சாக்கடைதானேன்னு. நாயோட நடந்து வந்த பெரியவர் ஒருத்தர் நின்னு, கோவமே இல்லாம சொன்னாரு, இது மழைத்தண்ணி வடிகால்ம்மா, சுத்திகரிப்புக்கெல்லாம் போகாது, நேரா ஏரிக்குத்தான் போகுது. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஏன்னா நான் பொறந்தது திருப்பூர். நொய்யல்ல சாயத்தண்ணி கலர்கலரா ஓடினதப் பாத்து வளந்தவ. பாசனத்துக்குன்னு 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் டேம்ல சாயக்கழிவு தேங்கி நின்னு காடுகரையெல்லாம் பாழாப்போச்சு, 2011ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு, அப்பா பனியன் கம்பெனில கட்டிங்ல இருந்தாரு, அந்த வருஷம் எங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அவ்ளோவும் பாத்த நானே ஊத்திட்டேனே.

அதுக்கப்புறம் பழைய ஹையேஸ் வேன் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் முறையா பண்ணினோம். இங்க 2023ல சட்டம் மாத்திட்டாங்க, வண்டிக்குள்ளயே ஃபிக்ஸ் பண்ணின டாய்லெட் இருந்தாத்தான் பச்சை வாரண்ட் கார்டு, அதாவது தண்ணியையும் கழிவையும் வண்டிக்குள்ளயே வச்சு சமாளிக்கும்ங்கற சான்று, பொதுவா அது இருந்தாத்தான் உள்ளூர் கவுன்சில் இடத்துல வண்டில ராத்தங்கலாம். தண்ணிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூணு நாளைக்கு 12, எங்க மூணு பேருக்கு 36. முக்கியமா அழுக்குத்தண்ணி டேங்கும் அதே அளவுக்கு இருக்கணும். உள்ள எவ்ளோ ஏத்தறியோ அவ்ளோவையும் சுமந்துட்டே திரியணும், இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் புடிச்சுது.

துவைக்கறதுக்கு மெஷினெல்லாம் இல்ல. இறுக்கமா மூடி போட்ட 20 லிட்டர் வாளில துணி, அஞ்சு லிட்டர் தண்ணி, ஒரு டீஸ்பூன் லிக்விட் போட்டு வண்டில கட்டி வச்சிடுவோம், ஒரு மணி நேரம் ஓட்டினா குலுங்கிக் குலுங்கியே அழுக்கு விட்டுடும். உள்ள முண்டுமுண்டா இருக்கிற ஸ்க்ரப்பா பை ஒண்ணும் இருக்கு, அது மலையேறப் போறப்போ. நுரை நிறைய வந்தாத்தான் சுத்தம்னு நம்ம ஊர் நினைப்ப மட்டும் விட்டுடணும், நுரை ஜாஸ்தியானா அலசறதுக்கே இருக்கிற தண்ணியெல்லாம் போயிடும். பிழிஞ்சதும் காஞ்ச டவல்ல சுருட்டி மேல ஏறி மிதிச்சா பாதி ஈரம் போயிடும்.

துணித்தண்ணி கூட பரவால்ல, பாத்திரத்தண்ணிதான் பிரச்சனை. நம்ம சமையல்ல எண்ணெய், பருப்பு, தேங்காய் எல்லாம் டேங்குக்குள்ள போய் ஒட்டிக்கிச்சுன்னா மூணாம் நாள் வண்டிக்குள்ள உக்கார முடியாது, அழுகின முட்ட நாத்தம். இப்ப குழம்புச் சட்டிய முதல்ல பேப்பர்ல நல்லா வழிச்சு குப்பைல போட்டுட்டுத்தான் கழுவறேன், சிங்க்ல டீ வடிகட்டி மாதிரி நைஸ் சல்லடை வச்சிருக்கேன், டேங்க் காலி பண்ணினதும் கொஞ்சம் நல்ல தண்ணி விட்டு அப்படியே வண்டி ஓட்டி குலுக்கிடுவேன். நடந்து போய் டென்ட் போடற இடத்துல டேங்க் ஏது, அங்க ஓடைலருந்து 60 மீட்டராவது தள்ளி வந்து மண்ணுல பரவலா ஊத்துவோம். மக்கும் சோப்புன்னு போட்டிருக்கறதும் மண்ணுல இருந்தாத்தான் சரியா மக்கும், ஓடைல விடறதுக்குன்னு செஞ்சதில்ல, இத நிறைய பேரு தப்பா புரிஞ்சிக்கறாங்க.

கூட வேலை செய்யற மாவோரி (இந்த நாட்டுப் பூர்வகுடி) ஆன்ட்டி ஒருத்தங்ககிட்ட இதப் பேசினப்போ, பாத்திரம் துடைக்கிற துணிய உடுத்துற துணியோட சேத்துத் துவைப்பியான்னு கேட்டாங்க. அவங்க வீடுகள்ல அது கூடவே கூடாது, சாப்பாட்டுக்கானது வேற உடம்புக்கானது வேற. எங்க பாட்டியும் இதேதான் சொல்லும்னு சொன்னேன், என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. அன்னிலருந்து வேன்ல ரெண்டு பேசின்.

இன்னொண்ணு, ஏரில நனைஞ்ச செருப்பு, துணியெல்லாம் வேற ஏரிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி பாத்து, கழுவி, காயவைக்கணும், தொட்டா ஈரமே இல்லன்னு ஆனப்புறமும் 48 மணி நேரம். டிடிமோன்னு ஒரு பாசி 2004ல சவுத்லாண்ட் பக்கம் ஒரு ஆத்துல தெரிஞ்சுது, கண்ணுக்குத் தெரியாத அளவுல ஒரு சொட்டு ஈரத்துல கூட அது இன்னொரு தண்ணிக்குப் பரவிடும்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குத் திரும்பறப்போ டம்ப் ஸ்டேஷன்ல, அதாவது வேன் கழிவையெல்லாம் கொட்டற இடத்துல இருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். டாய்லெட் கழிவு சேர்ற பெட்டிய (கேசட்) முதல்ல கொட்டி, அப்புறம் ஹோஸ் மாட்டி அழுக்குத்தண்ணி டேங்க திறந்து விட்டேன், எல்லாத்தையும் காமிச்சேன். "அங்கருந்து எங்க போகுது?"ன்னாரு. பாதாள சாக்கடை, அதுலருந்து சுத்திகரிப்பு நிலையம்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, தண்ணி இறங்கறதையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "செரி கண்ணு, அந்த எடத்த நல்லா கழுவி விட்டுட்டு வண்டிய எடு, பின்னாடி ஒருத்தர் காத்துட்டு நிக்கறாரு பாரு"ன்னாரு.