தேயிலைத் தொழிற்சாலைப் பயிற்சி உலையடியில் தொடங்கட்டும்

கழிவைக் குறைக்கும் பயிற்சி என்றால் டீ மேக்கரையும் (தொழிற்சாலையில் தேயிலை உற்பத்திக்குப் பொறுப்பானவர்) மேற்பார்வையாளர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் படம் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. உலைக்கு விறகு போடுபவரும் இலையை உருட்டி நசுக்கும் ரோலர் இயந்திர அறையைக் கழுவுபவரும் அங்கே இருப்பதில்லை. புகையும் சாக்கடையும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. இரவு முழுக்க வேலை செய்தவர்களைக் காலையில் பிடித்து வைத்து வகுப்பு எடுக்கவும் கூடாது. வேலை முறை மாறும் நேரத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, அரை மணி நேரம் போதும்.

முதல் வாரம் அறிவுரையே வேண்டாம். வந்த கொழுந்து, எரித்த விறகு, கிடைத்த தூள் மூன்றையும் தினமும் கிலோவில் எழுதச் சொல்லுங்கள். விறகை அடுக்குக் கணக்கில் எழுதினால் இடைவெளியும் ஈரமும் மறைந்துவிடும். ஈரம் பார்க்கக் கருவி தேவையில்லை. கட்டையின் நடுவிலிருந்து 100 கிராம் சீவல் எடுத்து, ஏறத்தாழ 105 பாகை செல்சியஸ் சூட்டில் எடை இறங்காத நிலை வரும்வரை உலர்த்துங்கள். 70 கிராம் மிஞ்சினால் ஈரம் 30 வீதம். 50 வீதம் ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 8 மெகாஜூல் வெப்பம்தான் தரும். 20 வீதத்துக்கு உலர்ந்தது 14க்கு மேல் தரும். நுவரெலியா மழையில் திறந்த வெளியில் அடுக்கிய விறகு எத்தனை மாதம் கிடந்தாலும் சரியாகக் காயாது. பிளந்து, கூரைக்குக் கீழே, காற்றுப் புகும்படி அடுக்க வேண்டும்.

கறுப்புப் புகை வருவது பெரும்பாலும் ஒரே தடவையில் உலையை நிரப்புவதால்தான். வாயு கிளம்பும் வேகத்துக்குக் காற்று போதாமல் கரியாகிறது. 3, 4 அங்குலத் தடிப்பில் பிளந்து, 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போட்டு, கதவை உடனே மூட வேண்டும். கதவு திறந்து கிடந்தால் குளிர்காற்று உள்ளே போய் வெப்பத்தைப் புகைபோக்கி வழியே கொண்டுபோய்விடும். காற்றைச் சூடாக்கும் குழாய்களில் படியும் கரியையும் ஒழுங்காகத் துலக்காவிட்டால், நன்றாக எரித்தும் பலன் இல்லை.

விறகு விரயமாகும் இன்னோர் இடம், கொழுந்தை விசிறிக் காற்றில் வாட்டும் தொட்டி. பலரும் இதைக் கவனிப்பதில்லை. 1000 கிலோ கொழுந்தில் 78 வீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். உலர் பொருள் 220 கிலோ. 55 வீத ஈரத்துக்கு வாட்டினால் 489 கிலோ ரோலருக்குப் போகும். 3 வீத ஈரத்தில் தூள் 227 கிலோ. ஆக, டிரையர் (உலர்த்தும் இயந்திரம்) எடுக்க வேண்டிய தண்ணீர் 262 கிலோ. அவசரப்பட்டு 60 வீதத்திலேயே அள்ளினால் அது 323 கிலோவாகிவிடும். அந்த 61 கிலோவையும் விறகுதான் ஆவியாக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். மற்ற எல்லாப் பாடத்தையும்விட இது மனதில் நிற்கும். கொழுந்தின் மேல் ஈரம் போனபின் விசிறியின் வேகத்தை 20 வீதம் குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகும். அதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். காற்று வழியை மறைத்துக் குறைத்தால் அவ்வளவு மிச்சமாகாது.

ரோலர் அறையில் தண்ணீருக்கு முன் சுரண்டும் தகடு வரவேண்டும். தரையில் ஒட்டிய இலையையும் சாற்றையும் முதலில் சுரண்டி வாளியில் அள்ளிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும். குழாய் முனையில், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் பூட்டு இருக்கட்டும். வடிகால் வாயில் கம்பி வலை போட்டு, தினமும் எடுத்துக் கழுவ வேண்டும். தேயிலைச் சாறு ஓடைத் தண்ணீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடும். தலவாக்கலைப் பக்கத்து ஓடை கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கும், நோர்வூட் பக்கத்து ஓடை காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனிக்கும் போகிறது. குடிப்பவர்கள் கீழே இருக்கிறார்கள். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்காகக் கடைசியில் ஒரு தொட்டி கட்டினால் போதும் என்ற எண்ணம் தவறு. உள்ளே சுரண்டாவிட்டால் அந்தத் தொட்டியும் சீக்கிரம் நிரம்பி வழியும்.

ரோலர் கியர்ப்பெட்டியிலிருந்து வடித்த எண்ணெய் வடிகாலுக்கும் போகக்கூடாது, உலைக்கும் போகக்கூடாது. மூடிய பீப்பாயில் வைத்து, உரிய அனுமதி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். உலைச் சாம்பலைத் தேயிலைச் செடியடியில் கொட்டும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சாம்பல் காரம், தேயிலைக்கு வேண்டியது 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள புளித்த மண். யூரியாவோடு கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். மரக்கறித் தோட்டத்து மண் மிகவும் புளித்திருந்தால் அங்கே கொஞ்சமாகத் தூவலாம்.