மாதம் 200 ரூபாயும் ஞாயிற்றுக்கிழமைகளும்

2022 ஜூனில் சாரல் தொடங்கிய பிறகும், எழுத்தாளர்கள் வந்து தங்கி எழுதும் வீட்டில் கட்டிய அந்தப் புது அறை பூட்டியே கிடந்தது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மேற்கே பெரிய ஜன்னல். திறந்தால் புளியரை வயல்கள், அதற்குப் பின்னால் மேகம் இறங்கி நிற்கும் மலை. பிரானூர் பார்டரில் மர மில் வைத்திருக்கும் ஒருவர் பணம் வாங்காமல் கொடுத்த பலகையில் செய்த மேசையும் உள்ளே இருந்தது. எழுத வருகிறோம் என்று ஏழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று பேரைத்தான் கூப்பிட முடிந்தது. நான்காவது ஆளுக்குச் சோறு போடக் கையில் பணம் இல்லை.

அந்தப் பூட்டைப் பார்த்த அன்றுதான் நான் இந்த வேலையில் முழுதாக இறங்கினேன். அதுவரை நானும் நன்கொடை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவள்தான்.

செங்கோட்டைக்கும் கோட்டைவாசலுக்கும் நடுவில் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருடைய பூர்வீக வீடு. எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். எழுதிக்கொண்டிருப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை அங்கே வந்து தங்கலாம். வாடகை கிடையாது, சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. தமிழில் எழுதுகிறவர்களும் வருகிறார்கள், மலையாளத்தில் எழுதுகிறவர்களும் வருகிறார்கள். எங்கள் ஊருக்கு அது இயல்பானது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்து இத்தனை ஆண்டு ஆகியும் பிரானூரைப் பார்டர் என்றுதான் சொல்கிறோம்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுத்தாளர் இல்லை, வாசகி. 2021-இல் டீச்சர் கூடுதலாக ஓர் அறை கட்டப்போவதாகச் சொன்னதும் 10,000 ரூபாய் கொடுத்தேன். நிறையப் பேர் கொடுத்தார்கள். ஒருவர் ஜன்னல், ஒருவர் மின்விசிறி, ஒருவர் தரை ஓடு. கொடுத்த பொருளைக் கண்ணால் பார்க்கலாம், பெயர் எழுதி வைக்கலாம். அதனால் அறைக்கு வேண்டிய பணம் நான்கே மாதத்தில் சேர்ந்துவிட்டது. அறையை நடத்தத்தான் ஒருவரும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பூட்டிய அறை முன்னால் நின்று இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஆரியங்காவில் இருந்து வரும் ஒரு சேட்டன் சொன்னார்: "சேச்சி, கெட்டிடம் கெட்டான் எல்லாரும் தரும். கரண்டு பில் அடைக்கான் ஆரும் தரில்ல." கட்டடம் கட்ட எல்லாரும் தருவார்கள், கரண்ட் பில் கட்ட யாரும் தர மாட்டார்கள் என்கிறார். அவர் தன் ஊர் கிராமத்து நூலகத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவர். கேரளத்தில் பி.என்.பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த கிரந்தசாலா சங்கத்தின், அதாவது நூலகச் சங்கத்தின், வழியில் வளர்ந்த நூலகங்களில் அதுவும் ஒன்று. ஊர்க்காரர்கள் சந்தா கட்டி, முறை போட்டுத் திறந்து, நடத்துகிறார்கள். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வருடம் அதே நாளில் நானும் டீச்சரும் அந்த நூலகத்துக்குப் போயிருந்தோம். சுவரில் மாட்டியிருந்த சந்தாப் பட்டியலைப் பார்த்தேன். பெரிய தொகை எதுவும் இல்லை. ஆனால் பெயர்கள் நிறைய இருந்தன.

எங்கள் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து கவிதை பேசியிருக்கிறார்கள். நினைத்தாலே மனசு நிறைகிறது. ஆனால் அது ஒரு பெரிய மனிதருடைய விருந்தோம்பல். எங்கள் டீச்சருக்கு 74 வயது. வீடு அவர் ஒருவருடைய பென்ஷனை நம்பி இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

சரி, மாதம் எவ்வளவு வேண்டும்? நானும் டீச்சரும் ஒரு நோட்டில் எழுதினோம். நான்கு பேர் தங்கினால் சமையல் அக்காவுக்குச் சம்பளம் 10,000, மளிகை, காய்கறி, பால் 15,000, கேஸ், கரண்ட், இன்டர்நெட் 5,500, துப்புரவும் துணி வெளுப்பும் 3,500. ஆக 34,000. வருடத்தில் ஆறு மாதம் வீடு திறந்திருக்கும், அதற்கு 2,04,000 ரூபாய். மாதம் 200 கொடுக்க 85 பேர் கிடைத்தால் போதும் என்று கணக்கு வந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. 2 லட்சம் கொடுக்க ஓர் ஆளைத் தேடுவது எனக்கு ஆகாத காரியம். 85 பேரைக் கேட்கலாம்.

தென்காசியில் இருக்கும் ஆடிட்டரிடம் முதலில் போனோம். எழுத வருகிறவர்களிடமே கொஞ்சம் வாடகை வாங்கலாமே என்று நான் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். எங்களுடையது போன்ற டிரஸ்ட், வருமான வரிச் சட்டத்தில் பொதுப் பயன்பாடு என்ற பிரிவில் வருகிறது. அதில் கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையால் வரும் பணம், அந்த வருடத்து மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வரிவிலக்கே சிக்கலாகும். "வாடகை வாங்க ஆரம்பிச்சா லாட்ஜ் கணக்காயிடும்மா. நன்கொடையிலேயே நடத்தப் பாருங்க" என்றார். எனக்கு அது நல்லதாகவே பட்டது. எழுதும்போது வாடகைக் கவலை இருந்தால் இந்த வீடு எதற்கு?

நன்கொடை கொடுத்தவர் அதைத் தன் வரிக்குரிய வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ள 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் இருந்த 80ஜி பிரிவு பற்றியும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் டிரஸ்ட் போன்றவற்றுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிக்குக் கழிவு உண்டு, அதற்கு வருமானத்தைப் பொறுத்த உச்சவரம்பும் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. புனலூரில் இருந்து ஒரு பெரியவர் உறையில் 20,000 ரூபாய் கொண்டுவந்தார். நான் தயங்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. விஷயத்தைச் சொல்லி, அடுத்த வாரம் காசோலையாக வாங்கிக்கொண்டோம். பொருளாகக் கொடுக்கும் அரிசி, மெத்தை, பலகைக்கும் 80ஜி கிடையாது. அவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, நன்றிக் கடிதம் மட்டும் கொடுக்கிறோம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. 2023-24 முதல் அதுதான் இயல்பான முறை ஆகிவிட்டது. அதனால் வரி மிச்சமாகும் என்று சொல்லி நான் யாரிடமும் பணம் கேட்பதில்லை. அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவதற்கு என்றுதான் கேட்கிறேன். அப்படிக் கேட்கும்போது கொடுக்கிறவர்கள்தான் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

கணக்கில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான் எண், தொகை எல்லாவற்றையும் அப்போது 10பிடி என்றிருந்த படிவத்தில், நிதியாண்டு முடிந்த பின் வரும் மே 31-க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதாவது ஒருவர் மாதம் முழுக்கக் கொடுத்தது ஒரு நாள் தாமதத்தில் போய்விடும். ஏற்றிய பிறகுதான், அப்போது 10பிஇ என்றிருந்த சான்றிதழ் வரும். கொடுத்தவர் கழிவு கேட்க அது வேண்டும். 2023 மே மாதம் கடைசி வாரத்தில் அவசரமாக ஏற்றும்போது ஒருவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். ஜூலையில் அவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. திருத்திய படிவம் போட்டு, புதுச் சான்றிதழ் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அதிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய விவரத்தை அனுப்பி, சரியா என்று கேட்டுக்கொள்கிறேன். அஞ்சலகத்தில் மணியார்டர் பாரத்தைச் சரிபார்த்த பழக்கம் இதற்கு உதவுகிறது.

முதல் வருடம் 31 பேர்தான் சேர்ந்தார்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டதும் ஒரு காரணம். பிறகு யுபிஐ-யில் மாதாமாதம் தானாகப் பணம் போகும் வசதியைச் சொல்லிக்கொடுத்தோம். 2024-இல் 86 பேர் ஆனார்கள். அதில் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு பேக்கரிக்காரர், புனலூர்ப் பெரியவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் இரண்டு பேர் உண்டு. அந்த இருவரும் இந்தியக் குடிமக்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் கொடுக்க வந்தபோது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு எங்களிடம் இல்லை என்பதால் வாங்க முடியவில்லை. இடையில் ஒருவர் 3 லட்சம் தருவதாகச் சொன்னார். வாசல் வளைவில் அவர் அப்பா பெயர் வேண்டும், அவர் உறவினர் பையனுக்கு வருடா வருடம் ஓர் அறையும் வேண்டும் என்றார். டீச்சர், "பேரு போடுறது பிரச்சினை இல்ல. யார் தங்குறதுன்னு எழுத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டார். பணம் வரவில்லை. டீச்சர் செய்தது சரிதான்.

அப்புறம் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடைய முறை. சாரல் காலத்தில் முக்கியமான எதிரி ஈரம். மெத்தைகளில் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் எட்டிப் பார்க்கிற அரை மணி நேரத்துக்காகக் காத்திருந்து திண்ணையில் விரித்துப் போடுவோம். தோட்டத்தில் அட்டை ஏறும் என்பதால் உப்பு டப்பா வாசலிலேயே இருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸில் செங்கோட்டைக்கு வந்து இறங்குகிறவர்களைக் கூட்டிவர ஆள் வேண்டும். கொல்லம் பாதை அகல ரயில் பாதையாகி 2018-இல் திரும்பத் திறந்த பிறகு மேற்கிலிருந்து வருகிறவர்களும் சுலபமாக வந்துவிடுகிறார்கள். சமையலறையில் பொன்னி அரிசியும் மட்டை அரிசியும் தனித்தனிப் பானையில். மலையாளத்துக்காரர்களுக்கு ராத்திரி கஞ்சியும் பயறும் இருந்தால் போதும். எங்கள் சொதியை அவர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்குகிறார்கள்.

காலை 8 முதல் மதியம் 1 வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. இந்த விதியை நானே ஒருமுறை மீறினேன். முதல் சாரலில் ஓர் இளம் பெண் நாவல் எழுத வந்திருந்தாள். ஜன்னல் ஓரம் நின்றிருந்தவளிடம் ஆசையாக, "எத்தனை பக்கம் ஆச்சும்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அன்று முழுக்க எழுதவில்லை என்று சாயங்காலம் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து எவ்வளவு எழுதினீர்கள் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. உதவிக்கு வருகிற புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். தன் கையெழுத்துப் பிரதியைப் படித்துச் சொல்லுங்கள் என்று தங்கியிருப்பவரிடம் நீட்டுவதும் கூடாது. அதற்கென்று சனிக்கிழமை மாலைக் கூட்டம் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டை டிபன் கேரியரில் போட்டு ஒவ்வொரு அறை வாசலிலும் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிடுவோம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-இல் தொடங்கிய மெக்டவல் என்ற கலைஞர் உறைவிடத்தில் இப்படித்தான் கூடையில் வைத்துப் போவார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்குப் பணம் சேர்க்க, அதைத் தொடங்கிய மரியன் மெக்டவல் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் பணம் கேட்பதில் எனக்கிருந்த கூச்சம் விலகியது. அத்தனை பெரிய கலைஞரே கேட்டிருக்கிறார்.

2024 ஜூன் கடைசியில் அந்த அறையில் ஒருவர் வந்து தங்கினார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர். நான் கேரியரை வைக்கப் போனபோது ஜன்னல் திறந்திருந்தது, மேசை முழுக்கத் தாள்கள். திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் கீழே வந்து, சமையல் அக்காவிடம் நான்காவது கேரியரும் போய்விட்டது என்று சொன்னேன்.

இந்தச் சாரலுக்கு மாதச் செலவு கைவசம் இருக்கிறது. ஓடு மாற்றுவதற்குத்தான் இன்னும் சேர வேண்டும். அதைவிட அவசரம், காலையில் செங்கோட்டை நிலையத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டிவர வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர். போன வருடம் வந்துகொண்டிருந்த தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது.