அக்டோபரில் பைத்தான், டிசம்பரில் சம்பளப் பட்டியல்

பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. மொரிஷியஸில் சம்பள மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது. டிசம்பர் போனஸ் கணக்கு ஒரு பக்கம், நவம்பரில் தொடங்கும் சூறாவளிப் பருவம் இன்னொரு பக்கம். அந்த நேரத்தில் நாட்டின் ஐடி மையமான எபேனில் யாரும் ஓடுகிற சர்வரில் கைவைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. அதற்காகப் புதிய பதிப்பை அடுத்த ஆண்டுவரை திரும்பிப் பார்க்காமலே இருந்தால் வேலை இரட்டிப்பாகும்.

பார்க்க வேண்டிய மாதம் மே. அப்போதுதான் பரவலாகச் சோதிப்பதற்கான முதல் முன்வெளியீடான பீட்டா 1 வரும். அதோடு புதிய வசதிகளைச் சேர்ப்பது நின்றுவிடும். அதற்கு முன் வரும் ஆல்பாக்கள் (தொடக்கநிலை முன்வெளியீடுகள்) சி எக்ஸ்டென்ஷன், அதாவது சி மொழியில் பைத்தானுக்கான துணைநிரல் எழுதுபவர்களுக்கானவை, மற்றவர்கள் விட்டுவிடலாம். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ முதல் ஆர்.சி. (இறுதிப் பதிப்பாக ஆகக்கூடிய முன்வெளியீடு) வந்த பிறகு, கம்பைல் செய்த துணைநிரல்கள் பைத்தானோடு இணையும் பைனரி இடைமுகமும் மாறாது. பைத்தானில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்புகளை எழுதுபவர்கள் வீல்களை, அதாவது நேரடியாக நிறுவக்கூடிய தயார்நிலைக் கோப்புகளை, வெளியிடத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

பீட்டாவில் அடிவாங்குவது பெரும்பாலும் மொழி அல்ல, தொகுப்புகள்தான். வீல் கிடைக்காவிட்டால், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் சத்தமில்லாமல் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யப் பார்க்கும். விண்டோஸில் விஷுவல் சி++ 14.0 வேண்டும் என்று நின்றுவிடும். 1 ஜிபி நினைவகமுள்ள சின்ன சர்வரில் பாண்டாஸ் என்ற பெரிய தரவுத் தொகுப்பைக் கம்பைல் செய்தால், நினைவகம் தீர்ந்து லினக்ஸே அந்த வேலையைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். எனவே முதல் முறை பிப்பை வீல்களை மட்டும் ஏற்கும் ‘ஒன்லி-பைனரி’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். எந்தத் தொகுப்புக்கு வீல் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி, பலருக்கும் தெரியாதது. பீட்டா 2-இல் கம்பைல் செய்த வீலை பிப் தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். பீட்டா 4-க்கும் வீலின் பெயரில் அதே பதிப்புக் குறிதான் என்பதால் பழையதையே எடுத்துப் போடும். இடையில் பைனரி இடைமுகம் மாறியிருந்தால், பைத்தானின் பிழைச்செய்தி எதுவுமில்லாமல் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (நினைவக அத்துமீறலில்) விழும். ஒவ்வொரு பீட்டாவுக்கும் பிப் கேஷைத் துடைத்து, வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும் (திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) புதிதாக உருவாக்குங்கள்.

ஆர்.சி. வந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் நம்ப வேண்டாம். 3.13 வெளிவர வேண்டிய நாள் 2024 அக்டோபர் 1. பயன்படாத நினைவகத்தைச் சிறிதுசிறிதாக விடுவிக்கும் புதிய இன்கிரிமென்டல் கார்பேஜ் கலெக்டர் சில நிரல்களை மெதுவாக்குவது கடைசி நேரத்தில் தெரியவந்ததால், அதை நீக்கிவிட்டு அன்று மூன்றாவது ஆர்.சி.யைத்தான் விட்டார்கள். இறுதிப் பதிப்பு வந்தது 7-ஆம் தேதி. பீட்டாக்களைத் தாண்டிவந்த ஒரு வசதிக்கே இந்தக் கதி.

ஸ்டேபிள் (இறுதி) பதிப்பு என்றால் எதுவும் உடையாது என்பதும் தவறு. 3.12-இல், தொகுப்புகளைக் கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் போயிற்று. 3.13-இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் உட்பட, பைத்தானோடு வந்துகொண்டிருந்த 19 பழைய மாட்யூல்களை ஒரே வீச்சில் எடுத்துவிட்டார்கள். பழைய ரூட்டரோடு டெல்நெட்டில் பேசும் ஸ்கிரிப்டெல்லாம் இம்போர்ட் வரியிலேயே நின்றது. இவை முந்தைய பதிப்புகளிலேயே டெப்ரிகேஷன் எச்சரிக்கை (‘இது நீக்கப்படும்’ என்ற அறிவிப்பு) தந்தவைதான், யாரும் படிப்பதில்லை. டெஸ்ட்களை ஓட்டும்போது இந்த எச்சரிக்கைகளைப் பிழையாக்கிவிடுங்கள்.

நடைமுறை இதுதான். லினக்ஸ் வகையான உபுண்டுவோடு வந்த பைத்தானைத் தொடாதீர்கள், சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே அதை நம்பி இருக்கின்றன. பல பதிப்புகளை அருகருகே வைக்க உதவும் பைஎன்வ் அல்லது யூவி மூலம் பீட்டாவைத் தனியாக நிறுவுங்கள். டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் முன்வெளியீடுகளை அனுமதித்து, வளர்நிலைப் பதிப்புக்கென்று ஒரு ஜாப் சேர்த்து, அது தோற்றாலும் மொத்த பில்டும் தோற்காதபடி வையுங்கள். வாரம் ஒருமுறை ஓடினால் போதும்.

சர்வரை மாற்ற, புதிய பதிப்பின் .2 திருத்தம்வரை காத்திருப்பேன். 3.13.2 வந்தது 2025 பிப்ரவரி 4. தைப்பூசக் காவடி முடிந்ததும் சோதனைச் சர்வரில் ஏற்றி, ஒரு மாதச் சம்பளத்தைப் பழைய பதிப்பிலும் புதியதிலும் ஓட்டி, சதம்வரை ஒப்பிடுங்கள். ஜூன் 30-இல் நிதியாண்டு முடிவதற்குள் நிஜச் சர்வரை மாற்றிவிடலாம்.

3.10-இல் நிற்பவர்களுக்கு இந்த நிதானம் பொருந்தாது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபரோடு நிற்கின்றன. அதுவரையிலும் மூலநிரல்தான் வரும், விண்டோஸ் இன்ஸ்டாலர் வராது.