அடுத்த பாகம்: ஒரு விளையாட்டு நாட்குறிப்பு

டிசம்பர் 24

விடுமுறை ஆரம்பம். எனக்கு ரொம்பப் பிடித்த கேம் தொடர்களை எடுத்து, பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் அடுத்தடுத்து ஆடிப் பார்க்கப் போகிறேன். ரொம்ப நாளாக மனதில் ஒரு கேள்வி. ஒரு தனி கேம் தரும் சந்தோஷத்தைவிட ஒரு தொடர் தரும் சந்தோஷத்தில் கூடுதலாக என்ன இருக்கிறது?

கதை தொடர்வதால் என்று சொல்லிவிட முடியாது. செல்டாவில் பெரும்பாலான பாகங்களில் நாயகன் லிங்க் வேறு ஆள், காலமும் வேறு. மாரியோவில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு நாகரிகத்தை வளர்த்து ஆளும் சிவிலைசேஷனில் கதையே நாம் ஆடுவதில்தான் பிறக்கிறது. இருந்தும் இவற்றில் ஒன்றின் அடுத்த பாகம் வருகிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

டிசம்பர் 25

காலையில் 1986-இல் வந்த முதல் செல்டா. திரை திறந்ததும் ஒரு வெட்டவெளி. மூன்று பக்கம் வழி, மேலே கறுப்பாக ஒரு குகை வாசல். கையில் வாள் கூட இல்லை. எங்கே போ, என்ன செய் என்று ஒரு வார்த்தை கிடையாது. குகைக்குள் போனால் ஒரு கிழவர் வாளைக் கொடுக்கிறார். போகாமல் வெறுங்கையோடு கிளம்பினாலும் யாரும் தடுப்பதில்லை. இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சிறுவயதில் காடு மேடு குகை என்று சுற்றிய அனுபவத்திலிருந்து இது பிறந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் திரையைப் பார்த்தாலே நம்ப முடிகிறது.

அதற்காக அதில் எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். எந்தப் புதரை எரிக்க வேண்டும், எந்தச் சுவரில் குண்டு வைக்க வேண்டும் என்பதற்குப் பல இடங்களில் துப்பே இல்லை. அது தேடல் இல்லை, பொறுமைச் சோதனை.

மாலையில் 2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்ட். லிங்க் குகைக்குள் கண் விழிக்கிறான், வெளியே ஓடுகிறான், பாறை விளிம்பில் நிற்கிறான். கதை நடக்கும் ஹைரூல் நாடு முழுவதும் கண் முன்னால் விரிகிறது. கொஞ்சம் கீழே, நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். குகை, கிழவர், வெட்டவெளி! 31 வருஷம் கழித்து அதே தொடக்கம். ஒரே நாளில் இரண்டையும் ஆடியதில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

டிசம்பர் 27

நேற்றும் இன்றும் பிரெத் ஆஃப் தி வைல்ட்தான். இந்தத் தொடர் பல வருஷமாக ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிலவறை, அதில் ஒரு புதுக் கருவி, அந்தக் கருவியால் மட்டும் திறக்கும் அடுத்த வழி. 2017-இல் அந்த வரிசையைத் தூக்கிப் போட்டார்கள். முதல் பீடபூமியில் நான்கு சக்திகளும் ஒரு பறக்கும் துணியும் கைக்கு வந்ததும், நேராகக் கடைசி வில்லனிடமே போகலாம். போனால் அடி வாங்குவோம், அது வேறு விஷயம்.

அந்த வரிசை போன இடத்தில் வந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. நெருப்பு, நீர், காற்று, மின்சாரம், மரம், உலோகம். இவற்றில் எது எதோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் உலகம் முழுவதும் ஒரே மாதிரி செல்லுபடியாகும். புல் எரியும். எரியும் புல்லிலிருந்து சூடான காற்று மேலே எழும். அந்தக் காற்றில் துணியை விரித்தால் நாம் மேலே போகலாம். மழை பெய்தால் தீ அணையும், பாறை வழுக்கும்.

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். இடி மின்னலோடு மழை. குன்றின் மேலிருந்து கீழே பார்த்தால் மரப்பலகை அடித்த ஒரு கொள்ளையர் முகாம். முதுகில் இருந்த என் இரும்பு வாளில் பொறி பறக்க ஆரம்பித்தது. உலோகத்தை மாட்டிக்கொண்டு இடிமழையில் நின்றால் மின்னல் நம் மேல் இறங்கும். அதற்கு முன் அந்தப் பொறிதான் எச்சரிக்கை. வழக்கமாக அவசர அவசரமாகக் கழற்றிவிடுவேன். இன்று கழற்றவில்லை. பொறி வேகம் பிடிக்கும் வரை காத்திருந்து, வாளை முகாமின் நடுவே வீசினேன். அதை எடுக்க ஒருவன் குனிந்தான். ஒரே வெளிச்சம். சுற்றி நின்ற எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள். இதைச் செய் என்று எந்தக் குறிப்பும் எனக்குச் சொல்லவில்லை. விதி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த விதிகளைச் சோதித்துப் பார்க்கத் தயாரிப்புக் குழு முதலில் பழைய 1986 செல்டா போலவே தட்டையான ஒரு மாதிரியைச் செய்து, அதில் மரத்தை வெட்டியும் எரித்தும் பார்த்ததை 2017-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் காட்டினார்கள். புதுப் பாகத்துக்கு வழி தேடியவர்கள் முதல் பாகத்துக்கே போயிருக்கிறார்கள். இந்தத் தொடர்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆயுதங்கள் உடைந்து போவது பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது சரியென்றே படுகிறது. கையில் நல்ல வாள் நிரந்தரமாக இருந்திருந்தால் அந்த மழையில் அதை வீசி எறிய எனக்கு மனசு வந்திருக்காது.

டிசம்பர் 28

பிரெத் ஆஃப் தி வைல்டின் அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம், 2023. அதே ஹைரூல் வரைபடம். அறிவிப்பு வந்தபோது பழைய மேப்பையா மறுபடி கொடுக்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆடிப் பார்த்தால் அந்தப் பழக்கமே இந்த கேமின் பலம். மேலே வானத்தீவுகள், கீழே கும்மிருட்டுப் பாதாளம். பாதாளத்தின் நில அமைப்பு மேலே இருப்பதற்குத் தலைகீழ்: மேலே மலை என்றால் கீழே பள்ளம். மேலே ஒரு சன்னதி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு ஒளிவேர். அதன் பெயர் கூட மேலே உள்ள சன்னதியின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதியது. இதைக் கவனித்தவுடன் மேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருட்டுக்குள் நடக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன் நான் சுற்றிய சுற்று வீண் போகவில்லை.

டிசம்பர் 30

அக்கா மகள் வந்திருந்தாள். கன்ட்ரோலரைக் கையில் பிடித்தே பழக்கமில்லை. 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாரியோ திரையின் இடது ஓரத்தில் வலது பக்கம் பார்த்து நிற்கிறான், வலதில்தான் இடம் இருக்கிறது. அவள் வலப்பக்கம் போனாள். முறைத்துக்கொண்டு கூம்பா என்ற குட்டி எதிரி வந்தது. மோதினாள், செத்தாள். மறுமுறை பட்டனை அமுக்கித் தாண்டப் பார்த்து அதன் தலையிலேயே விழுந்தாள். நசுங்கியது. "மாமா, மிதிச்சா போயிடுது!" என்றாள்.

அடுத்தது கேள்விக்குறிப் பெட்டி. முட்டியதும் காளான் வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் இடித்துத் திரும்பி அவளை நோக்கியே வந்தது. இதுவும் எதிரி என்று பயந்து குதித்தாள். தலைக்கு மேலே செங்கல் வரிசை இருந்ததால் தாண்ட முடியவில்லை. காளான் மேலே பட்டது, மாரியோ பெரிதானான். காளான் நல்லது என்று அவளுக்கு இப்போது தெரியும். அந்தக் குழாயும் செங்கல் வரிசையும் அங்கே இருப்பதே இதற்காகத்தான். முதல் லெவலை இப்படி யோசித்து அடுக்கியதை மியாமோட்டோ விளக்கமாகப் பேசியிருக்கிறார். பேச்சாகக் கேட்டபோது வராத வியப்பு, ஒரு குழந்தை அப்படியே கற்றுக்கொள்வதைப் பார்த்தபோது வந்தது.

பிறகு 2023-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்டர். நான் கவனித்தது இதைத்தான்: பெட்டியைக் கண்டதும் முட்டினாள், கூம்பாவை மிதித்தாள், பட்டனை அழுத்திப் பிடித்து உயரக் குதித்தாள். காலையில் கற்றது அத்தனையும் 38 வருஷம் தாண்டிச் செல்லுபடியாகிறது. அதனால்தான் ஒண்டர் பூவைத் தொட்டதும் குழாய்கள் புழு மாதிரி நெளிந்து நகர ஆரம்பித்தபோது அவள் அப்படிச் சிரித்தாள். குழாய் நகராது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியில் சிரிப்பு.

ஜனவரி 1

சிவிலைசேஷன். சிட் மெயரின் முதல் பாகம் 1991. இந்தத் தொடரைத் தயாரிப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மூன்றில் ஒரு பங்கு பழையபடியே, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முற்றிலும் புதிது. 2010-இல் ஐந்தாம் பாகம் சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கியது, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் என்றது. 2016-இல் ஆறாவது, நகரத்தை உடைத்துப் பல கட்டங்களில் பரப்பியது. 2025-இன் ஏழாவது, யுகம் மாறும்போது நாம் ஆளும் நாகரிகத்தையே மாற்றச் சொல்கிறது. இதை நான் இன்னும் முழுமனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை. கற்காலத்தில் தொடங்கிய ஒரு கூட்டத்தைக் கடைசி வரை கூட்டிச் செல்வதுதான் எனக்கு இந்தத் தொடர். மாறாத பங்கில் அது இருந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு டர்ன், இன்னும் ஒரு டர்ன் என்று விடியும் வரை உட்கார வைக்கும் வித்தை மட்டும் எல்லாப் பாகத்திலும் அப்படியே இருக்கிறது. ஆராய்ச்சி முடிய மூன்று டர்ன், அதிசயக் கட்டடம் முடிய ஐந்து, புதிய குடியேற்றம் கிளம்ப இரண்டு. எல்லாம் ஒன்றாக முடியும் நேரம் என்று ஒன்று வருவதே இல்லை.

ஜனவரி 4

டார்க் சோல்ஸ், 2011. கஷ்டமான கேம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது இடம் பற்றிய கேம்.

ஃபயர்லிங்க் ஷ்ரைனில் ஒரு நெருப்பு. உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், மருந்துக் குடுவை நிரம்பும், வெட்டிச் சாய்த்த எதிரிகளும் எழுந்துவிடுவார்கள். அங்கிருந்து மேலே, பாழடைந்த நகரத்தின் கூரைகள் வழியாக, மதில்மேல் நிற்கும் டாரஸ் அரக்கனைத் தாண்டி, டிராகன் நெருப்பு உமிழும் பாலத்தைக் கடந்து, தேவாலயம் வரை போக வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் யாராவது பதுங்கியிருப்பார்கள். குடுவை காலியாகும்போது கை விரல் கன்ட்ரோலரில் இறுகிவிடும். வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற பயம்.

தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு லிஃப்ட். மிதித்ததும் இறங்க ஆரம்பிக்கிறது. இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவைத் தாண்டி நாலடி வைத்தால் தெரிந்த இடிசுவர், தெரிந்த நெருப்பு, அந்த மெல்லிய இசை. ஃபயர்லிங்க்! இத்தனை நேரம் நான் தூரமாகப் போகவில்லை, வீட்டுக்கு நேர் மேலே ஏறியிருக்கிறேன். விடை தெரிந்தே இன்று ஆடினேன். அப்படியும் லிஃப்ட் இறங்கியபோது மூச்சை இழுத்து விட்டேன்.

முதல் பாதியில் நெருப்புக்கு நெருப்பு தாவும் வசதி கிடையாது. நடந்துதான் போக வேண்டும், அதனால்தான் அந்தக் குறுக்கு வழிக்கு அத்தனை மதிப்பு. அடுத்தடுத்த பாகங்களில் ஆரம்பத்திலேயே தாவலாம். சௌகரியம்தான். ஆனால் ஒரு லிஃப்ட்டைக் கண்டு இப்படி மகிழ்ந்தது எனக்கு அவற்றில் குறைவு.

ஜனவரி 6

டார்க் சோல்ஸை இயக்கிய ஹிடெடகா மியாசாகியின் கேம்களில் அந்த நெருப்பு பெயரை மாற்றிக்கொண்டே கூட வருகிறது. பிளட்போர்னில் விளக்கு, செகிரோவில் சிற்பியின் சிலை, எல்டன் ரிங்கில் அருளொளி. அதைக் கண்டதும் தோள் தளர்கிறது.

செகிரோ மட்டும் என் பழக்கத்தையெல்லாம் கலைத்தது. ஓடவும் அடிக்கவும் செலவாகும் தெம்பைக் காட்டும் ஸ்டாமினா பட்டி இல்லை. விலகி ஓடிப் பிழைக்கும் பழைய புத்தி அங்கே பலிக்காது. எதிரியின் வாள் நம் வாளில் படும் அந்தக் கணத்தில் தடுத்தால் ஒரு கணீர் சத்தம், ஆரஞ்சுப் பொறி. அவன் எவ்வளவு நிலைகுலைந்தான் என்று காட்டும் அளவு ஏறுகிறது. அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியோடு சண்டை பாதியில் தாளமாக மாறிவிட்டது. கண்ணைவிடக் காதுதான் ஆடியது.

ஜனவரி 8

எல்டன் ரிங், 2022. மிஸ்ட்வுட் காட்டில் ஒரு கிணற்று லிஃப்ட். டார்க் சோல்ஸ் ஆடியவர்களுக்கு லிஃப்ட் என்றால் தெரிந்த இடத்துக்குத் திரும்புவது. இதுவும் இறங்கிக்கொண்டே இருந்தது. முடிவில் திறந்தது பூமிக்கடியில் ஒரு நதி, மேலே விண்மீன் நிறைந்த வானம் போல ஒரு கூரை. எனக்குள் இருந்த எதிர்பார்ப்பை வைத்தே என்னை அசரடித்தார்கள்.

தரையில் மற்றவர்கள் விட்டுப்போன குறிப்புகள் இதிலும் உண்டு. பனி மூடிய மேட்டில் சிக்கிய கார்களை முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளி ஏற்றிவிட்ட அனுபவமே, ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் இப்படி உதவிக்கொள்ளும் யோசனைக்கு வித்து என்று மியாசாகி சொல்லியிருக்கிறார். இன்று ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, இருக்கும் இடத்தின் வாசலில் யாரோ தைரியம் சொல்லி எழுதியிருந்தார்கள். நானும் அந்தக் குறிப்புக்கு ஒரு பாராட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஜனவரி 10

கடைசியாக போர்ட்டல். 2007-இலும் 2011-இலும் வந்த இரண்டே பாகம். இரண்டாம் பாகத்தை ஆடாதவர்கள் இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த முடிவை நான் கெடுக்கக் கூடாது.

முதல் பாகம் சொல்லித் தந்தது ஒன்றுதான். கையிலிருக்கும் துப்பாக்கியால் சுட்டால் சுவரில் ஒரு ஓட்டை, வேறு சுவரில் இன்னொன்று. ஒன்றில் எவ்வளவு வேகத்தோடு நுழைகிறோமோ மற்றதில் அதே வேகத்தோடு வெளிவருவோம். வெள்ளைச் சுவரில்தான் ஓட்டை போட முடியும். இரண்டு பாகமாகக் கண் வெள்ளைப் பரப்பைத் தேடியே பழகியிருக்கிறது. இரண்டாம் பாகத்தின் நடுவில், பழைய ஒலிப்பதிவு ஒன்றில், ஓட்டை போட உதவும் ஒரு வெள்ளைப் பூச்சு நிலாக் கல்லை அரைத்துச் செய்தது என்று போகிற போக்கில் சொல்கிறார்கள். மறந்துவிடுகிறோம்.

கடைசிச் சண்டையில் கூரை பிளக்கிறது. மேலே நிலா. ஒரு அம்புக்குறி கிடையாது, சுடு என்று யாரும் கத்தவில்லை. இன்றும் யோசிப்பதற்கு முன்பே என் கை துப்பாக்கியை மேலே திருப்பிவிட்டது. குண்டு பறந்து போய்ச் சேரவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பிறகு அறையிலிருந்த எல்லாமே நிலாவை நோக்கி இழுபடுகிறது.